புளியமரத்து வளைவில் ஒரு பீடம்

ஆலடிப்பத்து
2.6.2024

ஏட்டி அரசி,

நல்லா இருக்கியா? மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா? பேட்டையில தண்ணி ஒழுங்கா வருதா? இங்க நான், ஆட்டுக்குட்டி ரெண்டு, கோழி நாலு, எல்லாரும் சொகமா இருக்கோம். காதுதான் போச்சு. ரெண்டும் அடைச்சு வருசம் ரெண்டு தாண்டிட்டு. போன வாரம் பக்கத்துத் தெருவுல வெடி போட்டுக் கல்யாண மாப்பிள்ளையை அழைச்சிருக்காவ. எனக்கு வெடி கேக்கல, பொகைதான் தெரிஞ்சுது. எவனோ வைக்கோல் படப்புக்குத் தீ வச்சிட்டான்னு குடத்தோட ஓடி ஊத்திட்டேன். மாப்பிள்ளை பட்டு வேட்டியெல்லாம் தண்ணி. கல்யாண வீடே சிரிச்சுது. சிரிச்சதும் எனக்கு வாயைப் பாத்துத்தான் தெரியும்.

போனு எனக்கு ஒதவாதுன்னு இந்தக் காலத்துலயும் நீ காயிதம் எழுதுத பாரு, அதுக்கு உன்னைக் கையெடுத்துக் கும்பிடணும். நானும் மூணாங்கிளாசு எழுத்தை வச்சிக்கிட்டு, பேசுத மாதிரியே எழுதிட்டுப் போறேன். பிழை இருந்தா கூட்டிப் படிச்சிக்கோ.

உன் லெட்டர் கண்டேன். சைக்கிள் கிளப்புல சேந்துட்டியாமே! டாக்டர் சர்க்கரைக்கு நடக்கத்தானே சொன்னாவ? நாப்பத்தாறு வயசுல தலையில பிளாஸ்டிக் தொப்பி, கையில உறை, ஞாயித்துக்கிழமை விடியமுன்ன ஊர் ஊரா மிதிக்கப் போறியாக்கும். நல்லாத்தான் இருக்கும். மாப்பிள்ளைக்கு யாரு காப்பி போடுவா? அவரே போட்டுக் குடிக்கட்டும், கை தேஞ்சா போயிரும்.

கெளம்புதவளை எங்க போறன்னு கேக்கக்கூடாது, அதனால கேக்கல. நானே ஒண்ணு சொல்லுதேன். சேரன்மாதேவியில இருந்து களக்காட்டுக்கு வாற இந்த ரோட்டுல மட்டும் வரண்டாம். ரோடு சரியில்ல.

உன் அண்ணன்
சங்கிலிபூதத்தான்


பேட்டை
14.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். காதுக்குச் சொட்டு மருந்து வாங்கி வைத்திருக்கிறேன். கம்பெனியில் லீவு கிடைத்ததும் கொண்டு வருகிறேன். உங்கள் மாப்பிள்ளை இப்போது காப்பி மட்டுமில்லை, உப்புமாவும் கிண்டுகிறார். வாயில் வைக்கத்தான் முடியவில்லை.

முதல் சவாரி போய் வந்துவிட்டேன். வண்ணார்பேட்டையில் நாலரை மணிக்குக் கூடினோம். பதினான்கு பேர். நான்தான் புதுசு. எங்களைக் கூட்டிப் போகிறவர் குமரகுருபரன் சார், ரிட்டையரான இன்ஜினியர். "அம்மா, கியரை மாத்துங்க, சைக்கிள் அழுது" என்று பத்தமடை வரைக்கும் என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டே வந்தார். ஆற்றுப்பாலத்தில் விடிந்தது. அந்தக் காற்றுக்காகவே இன்னும் பத்து வருடம் இருந்துவிடலாம் போலிருந்தது.

கிளப்பில் ஒரு சட்டம் உண்டு. யாரையும் பின்னால் விட்டுவிட்டு வரக்கூடாது. எல்லாருக்கும் கடைசியாக ஒருவர் காவலாக வருவார். என் பின்னால் காவலுக்கு வந்தது சங்கரி டீச்சர். அவர்கள் ஓட்டுவது செத்துப்போன கணவருடைய பழைய சைக்கிள். கணவர் பெயர் கணேஷ்ராமாம். போன அக்டோபர் பதினைந்தாம் தேதி, ஞாயிறு விடியற்காலை, கூட்டத்துக்கு முன்னால் தனியாக ஓட்டிப் போனவர், விழுந்து செத்துப்போனார். எங்கே தெரியுமா? நம் ஊர் புளியமரத்து வளைவில். மிளா மான் ஒன்று குறுக்கே பாய்ந்ததாம்.

நம் ஊரில் இப்படி ஒன்று நடந்திருக்கிறது, நீங்கள் எனக்கு எழுதவே இல்லையே? கரண்ட் கம்பத்தில் காக்கா செத்தாலே இரண்டு பக்கம் எழுதுகிற ஆள் நீங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை
கலையரசி


ஆலடிப்பத்து
30.6.2024

தங்கச்சி அரசிக்கு அண்ணன் எழுதுதது.

சொட்டு மருந்து வேண்டாம்ட்டி. கிரஷர்ல பதினோரு வருசம் கல்லு ஒடையுத சத்தத்துல நின்ன காது, சொட்டு மருந்துக்கா தெறக்கப் போகுது? அந்த வேலையைத்தான் விட்டாச்சே. இப்ப வாழைத்தோட்டக் காவல்தான். நிழல்ல கெடக்கேன். நேரத்துக்குச் சோறு.

மிருகம்னு சொன்ன பாத்தியா, இந்த வருசம் அது ரொம்பக் கூடுதல். ஆவுடைத்தாய் மதினி கதையைக் கேளு. அவ வீட்டுக்குப் பின்னால கக்கூஸ் கட்டிக் குடுத்திருக்குல்லா? வெள்ளனே செம்போட போயிருக்கா. கதவு சாத்திக் கெடக்கு, உள்ள மூச்சு விடுத சத்தம். மகன்தான் இருக்கான்னு வெளிய நின்னுருக்கா. அரை மணி நேரம். "ஏலே, சட்டுனு வாலே, அங்கனயே குடியிருக்கப் போறியா"ன்னு ஏசி, தட்டுதட்டுன்னு தட்டியிருக்கா. கதவைத் தெறந்துக்கிட்டுக் கரடி வருது! செம்பு ஒரு பக்கம், மதினி ஒரு பக்கம். கரடியும் பயந்துபோயி மலையைப் பாத்து ஓடிட்டு. இப்பவும் மதினி கக்கூஸுக்குப் போனா, மொதல்ல கல்லைவிட்டு எறிஞ்சு பாத்துட்டுத்தான் போகா.

அதுக்குத்தான் சொல்லுதேன். இந்த ரோட்டுல கரடி, காட்டுப்பன்னி, மலைப்பாம்பு, எல்லாம் ரோட்டைத் தன் வீட்டு முத்தம்னு நெனச்சுக்கிட்டு நடக்கு. நீங்க உவரிப் பக்கம் போங்க. கடல் இருக்கு, அந்தோணியார் கோயில் இருக்கு, மீனு உயிரோட துள்ளும். ரோடும் நேரா இருக்கும். வளைவு கெடையாது.

மிளாவைப் பத்திக் கேட்டிருந்த. மிளாதான். எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு.

ஆட்டுக்குட்டிக்குப் பேரு வைக்கணும். நல்ல பேரா எழுது.

உன் அண்ணன்


பேட்டை
11.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம். கரடிக் கதையைக் கிளப்பில் படித்துக் காட்டினேன். குமரகுருபரன் சார் சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க அண்ணாச்சியை நேர்ல பாக்கணுமே" என்றார்.

நீங்கள் சொன்னபடி உவரிக்குப் போனோம். கடல்காற்று எதிரே அடித்து நெஞ்சைத் தள்ளியது. கரையில் உட்கார்ந்து இட்லி சாப்பிடும்போது சங்கரி டீச்சர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார்கள். போலீஸ் அறிக்கையின் நகல். ஒன்பது மாதமாக அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கூடவே வைத்திருக்கிறார்கள். மிளா பாய்ந்ததைக் கண்ணால் கண்ட சாட்சி ஒரே ஒருவர். ஆலடிப்பத்து ச. சங்கிலிபூதத்தான். கீழே உங்கள் கையெழுத்து. பூதத்தானுக்குப் போடுகிற அந்தச் சுழியைக்கூட எனக்குத் தெரியும்.

என் அண்ணன்தான் என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் எப்படி இருப்பது? டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்.

"உங்க அண்ணன் போய்ப் பாக்கையில அவருக்கு உயிர் இருந்துச்சா? கடைசியா ஏதாவது சொன்னாரா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும், கலை. வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள் அண்ணே. கதை வேண்டாம்.

ஆட்டுக்குட்டிக்கு ராஜா என்று பெயர் வையுங்கள்.

தங்கை
கலையரசி


ஆலடிப்பத்து
8.8.2024

அரசி,

கோவப்பட்டுக் கெடப்ப. லெட்டர் வந்து நாளாச்சு. பேனாவை எடுக்குததும் வைக்குததுமா இருந்தேன். நீ சொகமா? மாப்பிள்ளை சொகமா? ராஜாவுக்கு வயித்தால போயி இப்பத் தேவலை.

இந்த ஆடி அமாவாசைக்குக் காரையார் கோயிலுக்கு நான் போகல. நான் பொறந்ததுல இருந்து போகாத வருசம் கெடையாது. அம்மா என்னை வயித்துல வச்சிக்கிட்டே ஆத்துல எறங்கிச் சங்கிலிபூதத்தாரைக் கும்பிட்டுத்தானே அவரு பேரை எனக்கு விட்டா. ஊரே வேன் வச்சுப் போச்சு. முட்டு வலிக்குன்னு சொல்லிட்டேன். முட்டு வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. அங்கன சங்கிலியை எடுத்து நெஞ்சுல அடிச்சுக்கிட்டு ஆடுவாவல்லா, போன வருசம் வரை நானும் ஆடினவன்தானே. மனசுல பொய்யை வச்சிக்கிட்டு அந்தச் சங்கிலியைத் தொட்டவனுக்கு என்ன ஆகும்னு உனக்கும் தெரியும்.

போலீசு எழுதிக் குடுத்த தாளுல கையெழுத்துப் போட்டது நாந்தான். அந்த ஆளுகிட்ட மொதல்ல ஓடுனதும் நாந்தான். தலையை மடியில எடுத்து வச்சேன். நல்ல ஒசந்த மனுசன். மூக்குக்கண்ணாடி போட்ட தழும்பு மூக்குல இருந்துச்சு. கையில பொம்பளைப் பிள்ளைய மாதிரி சிவப்புக் கயிறு கட்டியிருந்தாரு. கண்ணு தெறந்து என்னைப் பாத்தாரு.

டீச்சரு கேட்டதுக்குப் பதில் அடுத்த லெட்டர்ல எழுதுதேன். இப்ப மழை வருத மாதிரி இருக்கு. ஆட்டைக் கட்டணும்.

நீங்க இங்க வராதிய. ஆடி போகட்டும். ஆவணி போகட்டும்.

அண்ணன்


பேட்டை
26.8.2024

அண்ணனுக்கு,

நலமா? நேற்று நாங்கள் வந்தோம்.

ஆவணி போகட்டும் என்று எழுதியிருந்தீர்கள். டீச்சரால் அதுவரை இருக்க முடியவில்லை. பகலில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று எட்டு மணிக்கு ஊருக்குள் நுழைந்தோம். உங்கள் வீடு பூட்டியிருந்தது. ராஜா மட்டும் கத்திக்கொண்டு நின்றான். ரைஹானத் அக்கா டீக்கடையில் கேட்டேன்.

"உங்கண்ணனா? கேட்டுக்குல்லா போயிருக்காவ" என்றாள்.

"எந்த கேட்டுக்கு?"

அவ்வளவுதான். டம்ளரைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். பதினான்கு பேருக்கு டீ போட்டுக் கொடுத்தாள், என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பிறகு புளியமரத்து வளைவுக்குப் போனோம். மரத்தின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பீடம். செங்கல்லும் மண்ணும் வைத்துச் சுண்ணாம்பு அடித்திருந்தது. முன்னால் வாடாத செவ்வரளி, ஒரு வாழைப்பழம், சொம்பில் தண்ணீர். மேலே கம்பியில் ஒரு சைக்கிள் மணி தொங்கியது. டீச்சர் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். "இது அவரோடது. மூடியில கீறல் இருக்கு பாருங்க" என்றார்கள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "ஊர்க்காரங்க எவ்வளவு நல்லவங்க, கலை. முன்னபின்ன தெரியாதவருக்குப் பூ வச்சிருக்காங்களே."

எல்லாரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன்.

அண்ணே, அந்தக் கூட்டத்தில் நம் ஊர்க்காரி நான் ஒருத்திதான். மரத்திலிருந்து விழுந்தவருக்கு நம் ஊரில் பீடம் கிடையாது. பாம்பு தீண்டியவருக்கு, ஆற்றோடு போனவருக்குக் கிடையாது. கரடி அடித்துச் செத்த நம் சித்தப்பாவுக்கே போடவில்லையே. மனிதன் கையால் செத்தவருக்கு மட்டும்தானே பீடம் போடுவோம், ஆங்காரம் தணியட்டும் என்று? மிளா பாய்ந்து செத்தவருக்கு யார் பீடம் போட்டது? பீடத்துச் சுண்ணாம்பில் பதிந்திருந்த விரல்தடத்தில் நடுவிரல் பாதிதான் இருந்தது. கிரஷரில் பாதி போன உங்கள் வலது கை நடுவிரல் மாதிரி.

நான் யாரிடமும் சொல்லவில்லை.

கலையரசி


பேட்டை
12.9.2024

அண்ணே, சுகமாக இருக்கிறீர்களா என்றாவது ஒரு வரி எழுதுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் டீச்சர் எனக்குப் பின்னால் காவல் வருகிறார்கள். திரும்பிப் பார்க்க முடியவில்லை.

கலையரசி


ஆலடிப்பத்து
20.9.2024

அரசி,

சொகமா இருக்கேன்னு எழுதினா பொய். சாகலன்னு எழுதினா உண்மை.

பீடம் நான் போட்டதுதான். போட்ட அன்னைக்கே நெனச்சேன், வேற எவன் கண்ணுக்கும் தெரியாது, இவ ஒருத்தி வந்தா கண்டுபிடிச்சிருவான்னு. அதுக்குத்தான் உன்னைக் கரடிய வச்சு வெரட்டினேன். கரடிக் கதை உண்மைதான், அதுல பொய் இல்ல.

வாழைத்தோட்டம்னு எழுதினதுதான் பொய். கிரஷருக்கே திரும்பப் போயிட்டேன், ரெண்டு வருசமாச்சு. காது கேக்காதவனை வேற எவன் வேலைக்குச் சேப்பான்? கல்லு ஒடைக்குத வேலை இல்ல. கேட்டு. கிரஷர் பாதை வந்து நம்ம ரோட்டுல சேருதுல்லா, புளியமரத்துக்கிட்ட? அங்கன நின்னு டிப்பர் லாரிக்கு லைட்டு காட்டணும். செவப்பு காட்டினா நிக்கணும், பச்சை காட்டினா போகணும். "காது என்னத்துக்கு வே, கண்ணு இருந்தாப் போதும்"னு மேனேஜரு சேத்துக்கிட்டாரு. அவரு பேசுத வாயைப் பாத்தே எனக்கு எல்லாம் புரிஞ்சிரும். ஒண்ணு சொல்லுதேன், காது கேக்காதவன் ஒருத்தனோட முகத்தை விட வாயைத்தான் கூடுதல் நாள் ஞாபகம் வச்சிருப்பான். மேனேஜருக்கு மேல்வரிசையில ஒரு பல்லு கருத்திருக்கும். எங்க சுத்தியும் அந்தப் பல்லுதான் என் முன்னால நிக்கு.

உங்க ஆளுக வந்து கும்பிட்டதை நான் கேட்டுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு பாத்தேன். அது மேனேஜருக்கும் எட்டிட்டு. மறுநாள் ஜீப்புல வந்து எறங்கினாரு. பீடத்தைச் சுத்திச் சுத்தி வந்தாரு. "இதை எவன் வே கட்டினான்?" நான் வாயைப் பாக்காத மாதிரி நின்னேன். தோளைத் தொட்டுத் திருப்பினாரு. திரும்பவும் கேட்டாரு. நான் எனக்குக் கேக்கலன்னுட்டேன். சாயங்காலம் ஜேசிபி வந்துச்சு. ஒரு தட்டு, தரை.

ராத்திரியோட ராத்திரியா நான் திரும்பக் கட்டிட்டேன். மணியை மட்டும் முன்னமே கழட்டி மடியில வச்சிருந்தேன்.

அதுல இருந்து எனக்கு வேலை இல்ல. வரண்டாம்னுட்டாவ. வீட்டுக்கு எதிர்க்க ஒரு பய பைக்கைப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கான். என்னைப் பாத்தாச் சிரிக்கான். ராஜாவை நேத்துல இருந்து காணல.

ஒண்ணும் கேக்காத. டீச்சர்கிட்ட சொல்லாத.

பூதத்தான்


பேட்டை
30.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சாப்பிடுகிறீர்களா? ராஜா திரும்பி வந்தானா? இங்கே வந்துவிடுங்கள் என்று உங்கள் மாப்பிள்ளை நாலு தடவை சொல்லிவிட்டார். மாடியில் அறை காலியாகத்தான் இருக்கிறது.

கேட்க வேண்டாம் என்றீர்கள். கேட்கவில்லை, சொல்கிறேன். மிளா இல்லை, லாரி. நீங்கள் பார்த்தீர்கள். மேனேஜர் சொன்னதற்குக் கையெழுத்துப் போட்டீர்கள். சரிதானே?

அக்டோபர் பதின்மூன்று ஞாயிறு. வருட நினைவுக்கு எல்லாரும் அங்கே வருகிறோம். இரண்டு மணிக்குப் புறப்பட்டு, அவர் செத்த நேரத்துக்கு, ஐந்தரைக்கு, வளைவில் இருக்க வேண்டும் என்பது டீச்சருடைய ஆசை. பதினான்கு பேரும் வருவார்கள். டீச்சர்தான் அன்றைக்கு முன்னால் போவார்கள். நான் அவர்களுக்கு அடுத்து.

நீங்கள் அங்கே நிற்க வேண்டும். உங்கள் வாயால் அவர்களிடம் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் நின்று உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். சொன்ன பிறகு எங்களோடேயே பேட்டைக்கு வந்துவிடுங்கள். அன்றைக்கும் நீங்கள் சொல்லவில்லை என்றால் எனக்குத் தெரிந்ததை நான் சொல்லிவிடுவேன். இனிமேலும் அவர்களுக்கு முன்னால் ஓட்ட என்னால் முடியாது.

தங்கை
கலையரசி


ஆலடிப்பத்து
9.10.2024

என் கூடப்பொறந்தவளுக்கு,

சொகம் விசாரிக்க நேரம் இல்ல, மன்னிச்சுக்கோ. இதைக் கண்டதும் உங்க சாருக்குப் போன் போடு. ரைஹானத்தை விட்டுப் போன்ல சொல்லச் சொல்லலாம்னா, அந்த பைக்குப் பய டீக்கடை வரைக்கும் பின்னாலயே வாறான். ஞாயித்துக்கிழமை அஞ்சரைக்கு வராதிய. எட்டு மணிக்கு மேல வாங்க. நான் நிக்கேன், சொல்லுதேன், சத்தியமாச் சொல்லுதேன். ஆனா விடியமுன்ன வராதிய.

ஞாயித்துக்கிழமை செக்கிங் கெடையாது. அதனால நாலு மணியில இருந்து ஆறு மணி வரைக்கும் டிப்பர் வரிசையா எறங்கும். லைட்டே போட மாட்டான். மேல இருந்து சரிவு. என்ஜினை அணைச்சு உருட்டிவிட்டுருவான், கூடுதல் லோடு. பெரிய மரம் மறைச்சிரும். கிட்ட வந்தாத்தான் தெரியும். இப்ப கேட்டுல ஆளு இல்ல. எனக்குப் பதிலா யாரையும் போடல. லைட்டு காட்ட ஒருத்தன் கெடையாது.

நீ பாத்தேன்னு எழுதியிருந்த. பாத்தது மட்டும் இல்லட்டி. பச்சை காட்டினதே நாந்தான்.

ரோட்டுல வெளிச்சம் வருதான்னு பாத்தேன். இல்ல. அவரு லைட்டை மரம் மறைச்சிட்டு. அவரு மணி அடிச்சிருக்காரு, அடிச்சிக்கிட்டேதான் வந்திருக்காரு. கட்டை விரலு கடைசி வரைக்கும் மணி மேலயே இருந்துச்சு. காது உள்ளவன் எவன் நின்னாலும் கேட்டிருப்பான். எனக்குக் கேக்கல. பச்சையைத் தூக்கி ஆட்டினேன். லாரிக்காரன் நிக்கவே இல்ல.

இதுக்கு மேல எழுத வரல. ஆயுத பூசை லீவுக்கு முன்ன இது உன் கையில வந்துரணும். பெட்டியில போடப் போறேன்.

பூதத்தான்


பேட்டை
10.10.2024

அண்ணே,

சுகமா? உங்களிடமிருந்து பதில் வரவில்லை. வரவில்லை என்றால் சரி என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு நாள் தபால் லீவு என்பதால் இந்தக் கார்டை நம் ஊர் பஸ் கண்டக்டர் பெர்லின் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன். ஞாயிறு ஐந்தரை. வளைவில் பார்ப்போம். டீச்சர் உங்களுக்காகப் பால்கோவா செய்து வைத்திருக்கிறார்கள்.

கலையரசி


புளியமரத்து வளைவு
13.10.2024, இன்னும் விடியல

அரசி,

நல்லா வந்துக்கிட்டு இருக்கியா? முட்டு வலிக்கலையே? தண்ணி குடிச்சுக்கிட்டே வா.

உன் கார்டை நேத்து ராத்திரி கடைசி பஸ்ஸுலதான் பெர்லின் கொண்டுவந்தான். அதைப் பாத்த பொறகுதான் என் லெட்டர் உனக்கு வரலைன்னு தெரிஞ்சுது. ரைஹானத்தை எழுப்பி உனக்குப் போன் போடச் சொன்னேன். மூணு தடவை போட்டா. எடுக்கல. வெள்ளனே எந்திரிக்கணும்னு ஒறங்கிட்ட போல.

சரி, வாறது வாங்க. நான் இங்கன வந்துட்டேன். வேலை போனாலும் செவப்பு லைட்டை நான் திருப்பிக் குடுக்கல. அந்த வெளிச்சத்துலதான் பீடத்து மேல தாளை வச்சு இதை எழுதுதேன். தாளெல்லாம் ரத்தம் மாதிரி தெரியுது. லாரி வந்தா இதைப் பிடிச்சிக்கிட்டு நடு ரோட்டுல நிப்பேன். நீங்க பதினாலு பேரும் கடக்குத வரைக்கும் நகர மாட்டேன். எம்மேல ஏத்தட்டும்.

இந்த லெட்டர் எதுக்குன்னா, டீச்சரைக் கண்டதும் எனக்கு வாய் வராமப் போயிட்டா இதை நீ படிச்சுக் காட்டு. நான் எழுதி வச்ச மாதிரியே படி, திருத்தாத.

அம்மா டீச்சரே, நீங்க கேட்டதுக்குப் பதில். அவருக்கு உயிரு இருந்துச்சு. அஞ்சு நிமிசம் என் மடியில இருந்தாரு. சொன்னாரு. ஏதோ சொன்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு, ஒரே மாதிரி. எனக்குக் காது கேக்காதுன்னு அவருக்குத் தெரியாது. நான் தலையை ஆட்டினேன், கேட்டுட்டேன்னு. அந்த ஒரு பொய்யை மட்டும் என்னால மன்னிக்கவே முடியல.

ஆனா வாயைப் பாத்தேன். ஒதடு எப்படிக் கூடிச்சு, எப்படித் தெறந்துச்சு, நாக்கு எங்கன தொட்டுச்சு, எல்லாம் பாத்து வச்சிருக்கேன். ஒரு வருசமா ராத்திரி கண்ணாடி முன்னால நின்னு அதே மாதிரி அசைச்சு அசைச்சுப் பாக்கேன், மறந்துரக்கூடாதுன்னு. தண்ணின்னு கேட்டாரோன்னு நெனச்சு சொம்புல வைக்கேன். தண்ணி இல்ல. தண்ணின்னு சொன்னா ஒதடு ஒட்டாது. எனக்குப் புரியல. நான் உங்க முன்னால நின்னு அவரு அசைச்ச மாதிரியே என் வாயை அசைச்சுக் காட்டுதேன். கூட வாழ்ந்தவ நீங்க. உங்களுக்குத் தெரியும். எழுதிக் காட்ட முடியாது அது. என் வாயிலதான் இருக்கு. அதுக்காவது நான் இன்னைக்கு இங்கன நிக்கணும்.

அரசி, நேரம் அஞ்சு இருவது. பால்கோவாவைப் பத்தி எழுதியிருந்தியே, எனக்கு அதைக் கண்டா ஆகாதுன்னு டீச்சர்கிட்டச் சொல்லிராத, திம்பேன். பத்மனேரிப் பக்கம் வெளிச்சம் தெரியுது. சின்னச் சின்னதா, மின்மினி மாதிரி. ஒண்ணு முன்னால. அது டீச்சரா இருக்கும். அதுக்குப் பின்னால நீ. பாக்க நல்லா இருக்குட்டி.

மேல சரிவுல மூணு லாரி கறுப்பா நிக்கு. எறங்கல இன்னும். தரை லேசா அதிருது, கால்ல தெரியுது.

இந்தா, ஜீப்பு வந்து நிக்கு. மேனேஜரு. கூட ரெண்டு பேரு. கையைக் காட்டி வான்னு கூப்பிடுதாரு. லைட்டை அணைன்னு சைகை பண்ணுதாரு. அணைக்க மாட்டேன். பீடத்து மேல எரியவிட்டு, இந்தத் தாளை மணிக்கு அடியில வச்சுட்டு, என்னன்னு மட்டும் கேட்டுட்டு வந்துருதேன். நீங்க வளைவுக்கு வாறதுக்குள்ள நான்